கிளிப்பர் சர்க்யூட்டில் + − குறிகளை எப்படிப் படிப்பது?

கிளிப்பர் என்பது அலையில் ஒரு அளவைத் தாண்டும் பகுதியை வெட்டிவிடும் சர்க்யூட். உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்கிறேன். இன்புட் சைன் அலை, உச்சம் 10 வோல்ட். வரிசையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதைத் தாண்டி, அவுட்புட் எடுக்கும் மேல் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சிலிக்கான் டயோடும் 3 வோல்ட் பேட்டரியும் இறங்குகின்றன. டயோடின் கேத்தோடு மேலே, அனோடு கீழே; டயோடு ஆன் ஆனால் கரன்ட் அனோடிலிருந்து கேத்தோடுக்குத்தான் போகும். பேட்டரியின் மைனஸ் டயோடோடு சேர்கிறது, ப்ளஸ் கிரவுண்டில். நெகட்டிவ் அரைச்சுற்றில் சோர்ஸின் ப்ளஸ் மைனஸைத் திருப்பிப் போட்டு நீங்கள் கணக்குச் செய்தால் அவுட்புட் +3.7 வோல்ட் என்று வருகிறது. புத்தகத்தின் விடை −3.7. சோர்ஸின் குறி மாறும்போது அவுட்புட்டின் குறியும் மாற வேண்டாமா, பேட்டரியின் குறி மட்டும் ஏன் மாறுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

டயோடு எப்போது ஆன் ஆகிறது என்பதைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள், 3.7 என்ற எண்ணும் சரி. அதனால் உங்களுக்கு டயோடு பாடத்தில் சந்தேகம் இல்லை. படத்தில் போடுகிற ப்ளஸ் மைனஸ் எதைச் சொல்கிறது என்பதில்தான் சந்தேகம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பல வருடமாக எடுக்கிறேன்; கிளிப்பர் எக்ஸ்பெரிமென்ட் வரும் வாரத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இதே இடத்தில்தான் நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே படத்தில் இரண்டு வகையான ப்ளஸ் மைனஸ் இருக்கிறது. அவுட்புட் பக்கத்தில் மேலே ப்ளஸ், கீழே மைனஸ் என்று போட்டிருக்கிறார்களே, அது ஒரு ஏற்பாடு. மல்டிமீட்டரின் சிவப்பு ப்ரோப் மேல் புள்ளியில், கறுப்பு கிரவுண்டில் என்பதைத்தான் அது சொல்கிறது. மேல் புள்ளி உண்மையில் ப்ளஸாக இருக்கிறதா மைனஸாக இருக்கிறதா என்று அந்தக் குறி சொல்லவே இல்லை. அதைச் சொல்ல வேண்டியது மீட்டரில் வரும் எண்ணின் குறி. ஏசி சோர்ஸின் பக்கத்தில் போடும் ப்ளஸ் மைனஸும் இப்படிப்பட்ட ஏற்பாடுதான். பேட்டரியின் குறி வேறு வகை. படத்தில் நீளக் கோடாக வரையும் அதன் ப்ளஸ் முனை உண்மையிலேயே குட்டைக் கோடான மைனஸைவிட 3 வோல்ட் உயரத்தில் இருக்கிறது, எல்லா நேரமும். இன்புட் என்ன ஆட்டம் ஆடினாலும் பேட்டரி மாறாது. அதனால்தான் அதன் குறி மாறுவதில்லை.

இப்போது நெகட்டிவ் அரைச்சுற்றில் நீங்கள் செய்ததைப் பாருங்கள். சோர்ஸின் கீழ்ப் பக்கம் ப்ளஸ், மேல் பக்கம் மைனஸ் என்று மாற்றி, வோல்டேஜை 10 என்று குறியில்லாமல் எழுதினீர்கள். இது தப்பே இல்லை. கரன்ட் கீழ்க் கம்பி வழியாகக் கிளம்பி, பேட்டரியின் ப்ளஸில் நுழைந்து, மைனஸில் வெளியேறி, டயோடு வழியாக மேலே ஏறி, ரெசிஸ்டரைக் கடந்து சோர்ஸுக்குத் திரும்புகிறது. கிர்ச்சாஃப் வோல்டேஜ் விதிப்படி 10 = 3 + 0.7 + ரெசிஸ்டரில் விழுவது. அந்த 0.7, ஆன் ஆன சிலிக்கான் டயோடின் மேல் விழும் வோல்டேஜ். ரெசிஸ்டரில் 6.3 வோல்ட், கரன்ட் 6.3 மில்லி ஆம்பியர். டயோடும் பேட்டரியும் சேர்ந்த கிளையின் இரு முனைகளுக்கு இடையே 3.7 வோல்ட், அதில் கீழ் முனை உயரம். இதுவரை எல்லாம் சரி. கடைசி வரியில் ‘அவுட்புட் = 3.7’ என்று எழுதினீர்களே, அங்கேதான் ப்ரோப்பை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். சிவப்பு ப்ரோப் மேலே இருக்கிறது. மேல் முனை கீழ் முனையைவிட 3.7 வோல்ட் தாழ்ந்திருக்கிறது; மீட்டர் −3.7 காட்டும்.

அரைச்சுற்றுக்கு ஒருமுறை ப்ரோப்பை மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். சாதாரண சைன் அலையை அப்படி அளந்தால் எல்லா மேடும் ப்ளஸ் பக்கத்திலேயே வரும். ரெக்டிஃபையர் (அலையை ஒரே பக்கமாக்கும் சர்க்யூட்) போடாமலே ரெக்டிஃபை ஆன அலை பேப்பரில் கிடைத்துவிடும். அவுட்புட்டின் குறியை நடுவில் மாற்றக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

குறியைத் திருப்பிக் கணக்குச் செய்யும் முறையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நான் லேபில் வேறு முறையைத்தான் பழக்குகிறேன்: சோர்ஸைத் திருப்பாதீர்கள், கிரவுண்டை 0 என்று வையுங்கள், மற்ற ஒவ்வொரு புள்ளிக்கும் கிரவுண்டை வைத்து ஒரு எண்ணைக் குறியோடு எழுதுங்கள். நெகட்டிவ் உச்சத்தில் இன்புட் −10. பேட்டரியின் ப்ளஸ் கிரவுண்டில் இருப்பதால் மைனஸ் முனை −3, டயோடின் அனோடும் அதே −3. டயோடைக் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டால் ரெசிஸ்டரில் கரன்ட் இல்லை, மேல் புள்ளி −10. அதாவது அனோடு −3, கேத்தோடு −10. அனோடு 7 வோல்ட் உயரத்தில் இருக்கிறது, 0.7 போதும், ஆகவே டயோடு ஆன். ஆன் ஆனதும் கேத்தோடு அனோடைவிட 0.7 கீழே நிற்கும்: −3 − 0.7 = −3.7. குறியைப் பற்றி எங்கேயும் யோசிக்கவே இல்லை, விடை தானாகக் குறியோடு வந்துவிட்டது.

‘பாசிட்டிவ் அரைச்சுற்றில் டயோடு இப்படி, நெகட்டிவ் அரைச்சுற்றில் அப்படி’ என்று ஆரம்பிக்கும் பழக்கமும் இந்த முறையில் தானாகப் போய்விடும். அந்தப் பழக்கம் ரெக்டிஃபையர் பாடத்திலிருந்து வருகிறது. அங்கே பேட்டரி கிடையாது, டயோடும் ஐடியல் (ஆன் ஆனால் அதன் மேல் வோல்டேஜே விழாதது) என்று வைத்தால் அது திறந்து மூடுவது சரியாக 0 வோல்ட்டில். அரைச்சுற்று மாறுவதும் அதே 0 வோல்ட்டில். இரண்டும் ஒன்றாக நடப்பதால் அரைச்சுற்றை வைத்தே பேசிவிடலாம். பேட்டரி வந்ததும் டயோடு மாறும் இடம் 0-ஐ விட்டு நகர்ந்துவிடுகிறது. உங்கள் சர்க்யூட்டிலேயே இன்புட் −2 இருக்கும்போது நெகட்டிவ் அரைச்சுற்றுதான், ஆனால் டயோடு ஆஃப்; அவுட்புட்டும் அதே −2.

பேட்டரியையும் டயோடையும் திருப்பிப் போட்டால் மொத்தம் நான்கு சர்க்யூட் கிடைக்கும். நான்கையும் மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் படத்தைச் சற்றே மாற்றி வரைந்தால் மாட்டிக்கொள்வார்கள். இரண்டே விஷயம் தெரிந்தால் போதும். எந்தப் பக்கத்தை வெட்டுவது என்பதை டயோடின் திசை முடிவு செய்கிறது: அனோடு மேலே இருந்தால் ஒரு அளவுக்கு மேலே போவதை வெட்டும், கேத்தோடு மேலே இருந்தால் ஒரு அளவுக்குக் கீழே போவதை வெட்டும். அந்த அளவு எங்கே என்பதைப் பேட்டரி முடிவு செய்கிறது. 0.7 எப்போதும் டயோடோடு போகும்: அனோடு மேலே என்றால் பேட்டரி தரும் எண்ணோடு 0.7 கூட்டுங்கள், கேத்தோடு மேலே என்றால் 0.7 கழியுங்கள். பேட்டரி தரும் எண் என்று நான் சொல்வது குறியோடு சேர்த்து, கிரவுண்டை வைத்துப் பார்த்தது.

அனோடு மேலே, பேட்டரியின் ப்ளஸ் டயோடோடு: 3 + 0.7, அதாவது +3.7-க்கு மேல் வெட்டு. இது எல்லோருக்கும் வந்துவிடும். உங்களுடைய சர்க்யூட் −3 − 0.7, −3.7-க்குக் கீழ் வெட்டு. தடுமாற வைப்பது மற்ற இரண்டும்தான், அவற்றில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். அனோடு மேலே, ஆனால் பேட்டரியின் மைனஸ் டயோடோடு. −3 + 0.7 = −2.3, அதற்கு மேல் போகும் எல்லாமே வெட்டுப்படும். அதாவது முழு பாசிட்டிவ் அரைச்சுற்றும் போய், நெகட்டிவ் அரைச்சுற்றில் 0-க்கும் −2.3-க்கும் நடுவில் இருக்கும் பகுதியும் போய்விடும். அவுட்புட் −2.3-க்கும் −10-க்கும் நடுவில் மட்டும் ஆடும், பூஜ்யத்தைத் தொடவே தொடாது. இன்புட் 0 ஆக இருக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்: இன்புட்டில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் மேல் புள்ளி −2.3-ல் நிற்கிறது, 1 கிலோ ஓம் வழியாக 2.3 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கரன்ட்டைத் தருவது பேட்டரி. டயோடை ஆன் செய்ய இன்புட் வேண்டியதே இல்லை, இன்புட் −2.3-க்குக் கீழே இறங்கினால்தான் டயோடு ஆஃப் ஆகும். நான்காவது சர்க்யூட், கேத்தோடு மேலே, பேட்டரியின் ப்ளஸ் டயோடோடு, இதன் கண்ணாடிப் பிம்பம்: அவுட்புட் +2.3-க்குக் கீழே இறங்காது.

சில புத்தகங்களில் பேட்டரியை மேலேயும் டயோடைக் கீழேயும் வரைந்திருப்பார்கள். இரண்டும் ஒரே கிளையில் வரிசையாக இருப்பதால் இடம் மாறினால் வெட்டும் அளவு மாறாது. பேட்டரியின் திசையும் டயோடின் திசையும் அப்படியே இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கிளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலேயும் கீழேயும் வெட்டும்போது துருவம் தப்பினால் விளைவு பேப்பரோடு நிற்காது. +3.7-ல் வெட்டும் கிளையும் −3.7-ல் வெட்டும் கிளையும் சேர்ந்தால் அலை இரண்டுக்கும் நடுவில் அடைபட்டு ஏறக்குறைய சதுர அலை போல வரும், பிரச்சினை இல்லை. இதில் இரண்டு பேட்டரியையும் தவறுதலாகத் திருப்பிப் போட்டால் என்ன? ஒரு கிளை மேல் புள்ளியை −2.3-க்கு மேலே விடமாட்டேன் என்கிறது, இன்னொன்று +2.3-க்குக் கீழே விடமாட்டேன் என்கிறது. ஒரே புள்ளி இரண்டுக்கும் கட்டுப்பட முடியாது. சுற்றைத் தேடிப் பாருங்கள்: ஒரு பேட்டரியின் ப்ளஸிலிருந்து ஒரு டயோடு, மேல் புள்ளி, அடுத்த டயோடு, அடுத்த பேட்டரியின் மைனஸ். இரண்டு பேட்டரியும் சேர்ந்து 6 வோல்ட், தடுக்க நிற்பது இரண்டு டயோடு மட்டும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இந்தச் சுற்றில் இல்லவே இல்லை. சின்ன சிக்னல் டயோடான 1என்4148 என்றால் பவர் சப்ளையின் கரன்ட் லிமிட் குறைவாக இல்லாவிட்டால் சூடாகிப் போய்விடும். அதனால் இரண்டு பக்க கிளிப்பரில் சப்ளையை ஆன் செய்வதற்கு முன், இரண்டு வெட்டு அளவையும் எழுதி, மேல் வெட்டு கீழ் வெட்டைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சீரிஸ் கிளிப்பரில் இன்னொரு குழப்பம் சேரும், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட ஷண்ட் வகையில் (டயோடு அவுட்புட்டுக்குக் குறுக்கே இருப்பது) டயோடு ஆன் ஆனால் அவுட்புட் ஒரே இடத்தில் நிற்கும், ஆஃப் ஆனால் இன்புட் அப்படியே வரும். சீரிஸ் வகையில் (டயோடு அலை வரும் வழியிலேயே, ரெசிஸ்டர் அவுட்புட்டுக்குக் குறுக்கே) நேர் எதிர்: டயோடு ஆன் ஆனால்தான் இன்புட் அவுட்புட்டுக்கு வரும், ஆஃப் ஆனால் ரெசிஸ்டரில் கரன்ட் இல்லை, அவுட்புட் 0. வரிசையில் பேட்டரியும் இருந்தால், டயோடு ஆன் ஆக இருக்கும் நேரமெல்லாம் அது அலையைத் தூக்கியோ இறக்கியோ விடும். பேட்டரியின் ப்ளஸ் டயோடின் அனோடைப் பார்த்து இருந்தால் 10 வோல்ட் உச்சம் 10 + 3 − 0.7 = 12.3 ஆகிவிடும். ‘கிளிப்பர் எப்படி இன்புட்டைவிடப் பெரிய உச்சம் தரும்’ என்று பயப்பட வேண்டாம், கூடுதல் 3 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது.

இதுவரை சொன்னதில் துருவக் கணக்கு எல்லாம் உறுதியானது. எந்த டயோடு போட்டாலும் மாறாது. 0.7 என்ற எண் மட்டும் அந்த அளவுக்கு உறுதி இல்லை. சிலிக்கானுக்கு அது ஒரு வசதியான சராசரி. கரன்ட் குறைந்தால் 0.6-க்குப் பக்கத்தில் வரும், அதிகமானால் ஏறும், டயோடு சூடானால் டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லி வோல்ட் வீதம் இறங்கும். ஜெர்மானியம் டயோடு என்றால் 0.3 என்று எடுப்பது வழக்கம். பரீட்சைக் கேள்வியில் ‘ஐடியல் டயோடு’ என்று இருந்தால் 0.7-ஐ விட்டுவிட்டு வெறும் −3 எழுதுங்கள்; சிலிக்கான் என்று சொன்னால் 0.7 சேருங்கள், எதுவுமே சொல்லாவிட்டால் எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைத் தொடருங்கள். திருத்துகிறவர் எந்த விடையை எதிர்பார்க்கிறார் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் அந்த ஒரு வரி இருந்தால் மதிப்பெண் போக வாய்ப்பு குறைவு. லேபில் வெட்டிய இடம் தட்டையாக இல்லாமல் லேசாக வளைந்து தெரிவதற்கும் இதே காரணம்தான். அலை உச்சத்தை நோக்கிப் போகப் போக டயோடில் கரன்ட் ஏறுகிறது, அதோடு அதன் மேல் விழும் வோல்டேஜும் கொஞ்சம் ஏறுகிறது.

லேபில் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால், கணக்கு சரியாக இருந்தும் துருவம் தப்பாகத் தெரிய வைக்கும் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது சிஆர்ஓவின் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) ஏசி-டிசி சுவிட்ச். அது ஏசியில் இருந்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டர் அலையின் சராசரியைக் கழித்துவிடும். −2.3-க்கும் −10-க்கும் நடுவில் இருக்க வேண்டிய அலை திரையில் பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழுமாக வந்து உட்காரும். தட்டையான பகுதி ப்ளஸ் பக்கத்தில் தெரியும். பேட்டரியைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்துத் திருப்பிப் போடுவார்கள், அப்புறம் எதுவுமே பொருந்தாது. டிசியில் வையுங்கள், முதலில் சுவிட்சை கிரவுண்டுக்குத் தள்ளிப் பூஜ்யக் கோடு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது ப்ரோப்பின் கிரவுண்டு கிளிப். பெரும்பாலான சிஆர்ஓவிலும் ஃபங்ஷன் ஜெனரேட்டரிலும் கிரவுண்டு முனை மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்திருக்கும். டயோடின் மேல் எவ்வளவு விழுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு கிரவுண்டு கிளிப்பை டயோடுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாட்டினால் பேட்டரி எர்த் வழியாக ஷார்ட் ஆகிவிடும். இரண்டு சேனலையும் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பேட்டரிக்குப் பதிலாக டிசி பவர் சப்ளை வைப்பவர்களுக்கு. உங்கள் சர்க்யூட்டில் டயோடு ஆன் ஆகும்போது கரன்ட் சப்ளையின் ப்ளஸ் முனைக்குள் நுழைகிறது என்று மேலே பார்த்தோம். லேபில் இருக்கும் சாதாரண சப்ளை கரன்ட்டை வெளியே தரும், உள்ளே வாங்காது. 6.3 மில்லி ஆம்பியரை உள்ளே தள்ளினால் அதன் வோல்டேஜ் 3-ல் நிற்காமல் ஏறும், வெட்டும் அளவு −3.7-ஐத் தாண்டி இறங்கிவிடும். சப்ளையின் இரு முனைகளுக்கும் குறுக்கே 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். அதற்கு 3 வோல்ட்டில் 13.6 மில்லி ஆம்பியர் தேவை. டயோடிலிருந்து வரும் 6.3-ஐயும் அதுவே எடுத்துக்கொள்ளும், மீதியைச் சப்ளை தரும், வோல்டேஜ் நகராது. அனோடு மேலே, சப்ளையின் ப்ளஸ் டயோடோடு இருக்கும் சர்க்யூட்டுக்கும் இது வேண்டும். மற்ற இரண்டிலும் கரன்ட் ப்ளஸிலிருந்து வெளியே போவதால் வேண்டியதில்லை.

நேரம் இருந்தால் சைன் அலையை மாட்டுவதற்கு முன் இன்புட்டில் இன்னொரு டிசி சப்ளையை மாட்டி, −10, −5, −2, 0, +5, +10 என்று ஒவ்வொன்றாக வைத்து அவுட்புட்டை மல்டிமீட்டரில் படித்து எழுதுங்கள். சிவப்பு மேலே, கறுப்பு கிரவுண்டில், கடைசி வரை எடுக்காமல். மைனஸ் அளவுகளுக்கு இன்புட் சப்ளையின் முனைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதன் எந்த முனையும் எர்த் டெர்மினலோடு இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. உங்கள் சர்க்யூட்டில் −3.7 பக்கத்தில், −3.7 பக்கத்தில், −2, 0, +5, +10 என்று வர வேண்டும். சப்ளையில் −10-ம் −5-ம் வைக்கும்போது வரும் இரண்டு அளவும் பத்தில் ஒரு வோல்ட் அளவுக்கு வித்தியாசப்பட்டால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசப்பட்டால் அந்த 220 ஓம் ரெசிஸ்டரைப் போட்டீர்களா என்று பாருங்கள்.